திரவப் படிக றப்பரும் என் அத்தானும்

"உங்களுக்கு இது விளங்காது" என்று சொல்லிவிட்டு மூக்கை நிமிர்த்திக்கொண்டு போகும் வியாதி, இருபத்தைந்து வயதில் எனக்கு முற்றிப்போயிருந்தது. அதை அதிகம் அனுபவித்தவர் என் அத்தான் (அக்காவின் கணவர்). திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் போட் என்ஜின் திருத்தும் கடை வைத்திருக்கிறார்.

நான் அப்போது திரவப் படிக றப்பர் என்ற ஒன்றோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். பார்வைக்குச் சாதாரண றப்பர்தான். உள்ளே மூலக்கூறுகள் குச்சிகள் மாதிரி ஒரு திசையில் வரிசையாக நிற்கும். சூடாக்கினால் வரிசை குலையும். றப்பர் அந்தத் திசையில் சுருங்கி, குறுக்கே நீளும். என் வட்டத் துண்டில் குச்சிகள் மையத்தைச் சுற்றிச் சுற்றி நின்றன. நட்டநடுவில் மட்டும் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் ஒரு குழப்பப் புள்ளி. அதைத்தான் குறை என்போம். சூடேறினால் சுற்றளவு குறையும், ஆரம் நீளும். தட்டையாகக் கிடக்க முடியாமல் துண்டு கூம்பாக எழும்பும். செய்தவற்றில் நான்கு, எழும்பும்போதே உச்சியில் கிழிந்துவிட்டன. மிஞ்சியது ஒன்றே ஒன்று.

அதை அடுத்த நாள் எங்கள் வீட்டில் ஒரு பேராசிரியைக்குக் காட்ட வேண்டும். நிலாவெளிக்கு விடுமுறையில் வந்திருந்தார். அவர் சரி என்றால் அவரிடம் ஆய்வு மாணவியாகச் சேரலாம்; இல்லாவிட்டால் இரண்டு வருட உழைப்பு போச்சு. துண்டின் விளிம்போ பிசிறாக இருந்தது. றப்பர் வெட்டுவதில் அத்தானுக்கு நிகர் இல்லை என்பதால் கடைக்குக் கொண்டுபோனேன். இது என்ன சாமான் என்று கேட்டார். உங்களுக்கு விளங்காது, விளிம்பை மட்டும் வெட்டித் தாருங்கள் என்றேன்.

பேராசிரியை கதிரையில் அமர்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அத்தான் துண்டோடு வந்தார். விளிம்பு அப்படியொரு துப்புரவு. நடுவில் அழகான ஓட்டை.

"நடுவில புகைச்சலா ஒரு புள்ளி கிடந்தது, மச்சாள். அதையும் எடுத்துவிட்டனான்," என்றார் பெருமையாக. என்ஜின் மூட்டு ஒழுகாமல் வைக்கும் றப்பர் வளையங்களைக் காலமெல்லாம் வெட்டியவர். ஓட்டையில்லாத வட்டம் அவருக்குப் பாதி வேலை.

கௌரவமாகக் கண் கலங்கினேன் என்று எழுத ஆசைதான். மூக்கு வழிய அழுதேன், அதுவும் பேராசிரியைக்கு முன்னால். குறைதான் இதன் உயிர், அதையே வெட்டிப்போட்டார், இனி இது செருப்புத் தைக்கவும் உதவாது என்று ஒப்பாரி வைத்தேன். அந்த ஒப்பாரிக்குள் குச்சிகள், சுற்று, மையம் எல்லாவற்றையும் விளக்கியும் விட்டேன் (முதல் தடவையாக). அத்தானின் முகம் செத்துப்போயிற்று. அக்கா என்னை முறைத்தாள்.

பேராசிரியை எழும்பிக் குசினிக்குப் போனார். அடுப்பில் தோசைக்கல் இருந்தது. நெருப்பைக் குறைத்து, துண்டை அதில் வைத்தார். அம்மா பழக்கதோஷத்தில் எண்ணெய்ப் போத்தலை எடுக்க, அக்கா பறித்தாள். கொஞ்ச நேரத்தில் துண்டு எழும்பியது. உச்சி வெட்டிய தொப்பி மாதிரி, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

"நடு இல்லாமல் இது எப்படி எழும்பினது, சொல்லுங்கோ?" என்று பேராசிரியை என்னைக் கேட்டார். போன மாதம் இரண்டு பக்கம் கணக்குப் போட்டு நானே நிறுவிய சங்கதி. நானோ மூக்கைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"நான் நடுவைத்தானே எடுத்தனான், மிஸ்," என்றார் அத்தான் மெதுவாக. "சுத்தி நிக்கிற குச்சியெல்லாம் சுத்தித்தானே நிக்குது."

அதேதான். மையத்தை வெட்டினாலும் சுற்று போகாது. இழுவையெல்லாம் குவியும் உச்சி இல்லாததால் கிழியவும் இல்லை. எனக்கு வெட்கத்தில் தோசைக்கல்லின் அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

பேராசிரியை என்னைச் சேர்த்துக்கொண்டார் (அத்தான் கேட்டிருந்தால் அவரையும் சேர்த்திருப்பார்). இன்று என் ஆய்வேட்டின் பிரதி ஒன்று அத்தானின் கடையில், கிறீஸ் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. என்ஜின் திருத்த யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவார்.

"ஓட்டை போட எனக்கு ஒரு நிமிசம்," என்பார். "மச்சாள் அதுக்கு இருநூறு பக்கம் எழுதினவ."