மூணு கிலோவுக்காக நான் கோயமுத்தூர் வரமாட்டேன்

தோட்டத்துச் சாளை,
பல்லடம் பக்கம்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு, அப்பா அங்கப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நானும், உன் அம்மாவும், பண்ணையின் இரண்டு கோழிச் செட்டிலும் உள்ள கோழிகளும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை மனோஜ்குமாரும் சுகமாயிருக்க நம் குலசாமி துணை நிற்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் "ம்" கொட்டுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே புகுந்து பேச முடியாது. ஆகவே முழுசாகப் படிக்கவும்.

திங்கட்கிழமை காலை, நீ வாங்கி உன் போனோடு இணைத்து வைத்துவிட்டுப் போன எடை மிஷின் மேல் ஏறி நின்றேன். கீழே இறங்குவதற்குள் உன் போன் வந்துவிட்டது. "அப்பா, மூணு கிலோ ஏறியிருக்கு, மூணு மாசம் டயட் இருந்து பட்ட பாடெல்லாம் ஒரே நாள்ல போச்சு, இனி உங்களை அங்க தனியா உட்டா ஆகாது, ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வாறோம், தோட்டத்தை யாருக்காச்சும் குத்தகைக்கு உட்டுட்டு எங்களோட வந்து இருங்க" என்று ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லி வைத்துவிட்டாய். நம்ம ஊட்டு மிஷின் நம்மளைக் கேக்காம கோயமுத்தூருக்குத் தாக்கல் சொல்லுதுன்னா அது என்ன மிஷின் கண்ணு? எட்டாவது மாடியில வந்து நான் என்ன பண்றது? செட்டுக்குள்ள ஒரு நடை போய்ட்டு வராட்டி எனக்குப் பொழுதே போகாது. கோழிச் சத்தம் காதுல உழுகாட்டித் தூக்கம் வராது. நான் வரமாட்டேன். மொதல்லயே சொல்லிப்போட்டேன்.

அதுக்கு முந்துன நாள், ஞாயித்துக்கிழமை, என்ன நடந்துச்சுன்னு நீ ஒரு வார்த்தை கேக்கலை. பவானியில உங்க அத்தை, என்ற தங்கச்சி பொன்னாத்தாள், அவ பேத்திக்குக் காதுகுத்து வெச்சுக் கெடா வெட்டுனா. பொறந்த ஊட்டுச் சீர் கொண்டு போனது நான். பந்தியில தலைவாழை எலை போட்டு என்னைத்தான் மொதல்ல உக்கார வெச்சாங்க. நானும் நீ சொன்ன பேச்சை மீறக்கூடாதுன்னு, உங்கம்மா கட்டிக்குடுத்த டப்பாவை எடுத்து எலைக்குப் பக்கத்துல வெச்சு, வெள்ளரிக்காயை ஒண்ணு வாயில போட்டேன். அவ்வளவுதான். அத்தை புருஷன், உங்க மாமன் திருமலைசாமி பாத்துப்போட்டாரு. "பொறந்த ஊட்டுக்காரரு ஊட்டுலயே கட்டிக்கிட்டு வந்துட்டாரு"ன்னு மெதுவாத்தான் சொன்னாரு. அது பந்தியில பாதி போறதுக்குள்ள, பத்திரிகையில பேரைக் கீழ போட்டதுக்கு அண்ணன் கோவிச்சுக்கிட்டாருன்னு ஆயிருச்சு. சமையல் பந்தலுக்குப் போய்ச் சேரறதுக்குள்ள, அங்கப்பன் சீரைத் திருப்பி எடுத்துக்கிட்டுக் கெளம்பறாருன்னு ஆயிருச்சு. உங்க அத்தை கையில கரண்டியோட அழுதுக்கிட்டு ஓடி வந்தா. "ஏனுங்ணா, நான் என்னங்ணா தப்புப் பண்ணுனேன்"னு அத்தனை சொந்தபந்தம், ஒரம்பரைக்கு முன்னால கேக்கறா. அங்க நின்னு, இல்லம்மா, எனக்கு டயட்டு, என்ற மக போன்ல பாத்துக்கிட்டு இருக்கான்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா? டப்பாவை மூடி உங்கம்மா கையில குடுத்துப்போட்டு, பரிமாறறவனைப் பாத்து "போடு"ன்னேன்.

அப்பறம் சமாதானம் பேச வந்தவங்க ஒருத்தரும் வெறுங்கையோட வரலை. திருமலைசாமி நல்லியெலும்பாப் பாத்துப் பொறுக்கி எலையில வெச்சாரு. அவரு தம்பி குடல் கறி கொண்டாந்தாரு. அவங்க பங்காளி ஒருத்தரு, எனக்கு மொகமே தெரியாது, ரத்தப் பொரியலை ரெண்டு கரண்டி போட்டு "மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு என்ற கையைப் புடிச்சுக்கிட்டாரு. கடேசீல பருப்புப் பூரணம் வெச்ச ஒப்பிட்டுல நெய்யி ஊத்துனாங்க. நான் ஏப்பம் உட்டதுக்கப்பறந்தான் உங்க அத்தை கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சா. எனக்கும் அப்பத்தான் உசுரு வந்துச்சு. நாளைக்கு நான் படுத்துட்டா மொதல்ல ஓடியாறது அவதான். அவ சிரிக்கோணும்னா இன்னொரு பந்தியிலயும் உக்காருவேன்.

சரி, உன்ற மூணு கிலோவுக்கு வாரேன். நான் கோழி எடை போட்டே தலை நரைச்சவன். கோழி ஏத்த லாரி வருதுன்னா, முன்கூட்டியே தீவனத் தொட்டியெல்லாம் மேல தூக்கிக் கட்டிப்போடுவோம். ஏன்? இரைப்பையில கெடக்கற தீவனத்தைக் கறின்னு கணக்குப் போட்டா வாங்கறவன் ஒத்துக்குவானா? தின்ன மறுநாளே என்னை மிஷின் மேல ஏத்திப்போட்டு, அத்தனையும் கொழுப்புன்னு நீ சொல்றியே. கொழம்புல உப்பும் காரமும் தூக்கல், ராத்திரி முச்சூடும் எந்திரிச்சு எந்திரிச்சுத் தண்ணி குடிச்சேன், அந்தத் தண்ணியும் என்னோட சேந்து மிஷின் மேல நின்னுச்சு. ஒரு கிலோ ஏறறதுக்குக் கோழியே ஒண்ணரை கிலோ தீவனம் திங்கோணும், அதுவும் ஒரு நாள்ல ஆகற சோலியா? நான் ஒரே மத்தியானத்துல மூணு கிலோ கறி போட்டேன்னா, நமக்குக் குஞ்சு எறக்கற கம்பெனிக்காரன் கோழியை உட்டுப்போட்டு என்னைத்தான் வளக்கக் கேப்பான்.

இன்னைக்குக் காலைலயும் ஏறி நின்னேன். ரெண்டே கால் கிலோவைக் காணோம். திங்கக்கெழமையில இருந்து நான் ஒண்ணும் பட்டினி கெடக்கலை, எப்பவும் திங்கற ஓட்ஸ் கஞ்சியும் கீரையுந்தான். மிஷின் மேலயே சித்த நேரம் நின்னு பாத்தேன். அதுக்கு உன்ற போன் வரலை. ஏறுனாத்தான் மணி அடிக்கும், எறங்குனா அடிக்காதா அம்மணி?

எப்பவாச்சும் ஒருக்காத் தின்னா ஒண்ணும் ஆகாதுன்னு உன்ற டயட்டுக்காரம்மாவே சொல்லியிருக்குது. அதுக்கு நீ, போன மாசம் வெள்ளகோவில்ல வாஸ்து விருந்து, அதுக்கு முந்தித் தாராபுரத்துல கல்யாணம், இதெல்லாம் எப்பவாச்சுமான்னு மடக்கறே. வெள்ளகோவில்காரரு எப்பவாச்சும் ஒருக்காத்தான் கூப்பிடறாரு. தாராபுரத்துக்காரரும் அப்படித்தான். ஒரம்பரை ஜாஸ்தியா இருக்கறது என்ற தப்பா?

ஆகவே ஞாயித்துக்கிழமை கார் வரவேண்டியதில்லை. உன் அம்மாவின் முடிவும் இதுதான். அவளைக் கேட்கவில்லை, கேட்கவேண்டியதும் இல்லை. மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நீங்கள் இருவரும் நெறஞ்ச வயிறும் நெறஞ்ச மனசுமாக நீண்ட காலம் நல்லா இருக்கோணும்.

இப்படிக்கு,
இருக்கும் இடத்தை விட்டு அசையாத உன் அப்பா,
அங்கப்பன்.

பின்குறிப்பு: கண்ணு, இது அம்மா எழுதறது. ஸ்டாம்ப் ஒட்டிப் போடச்சொல்லி என்ற கையில குடுத்தாரு, ஒட்டறதுக்கு முன்னாலயே படிச்சுப்போட்டேன். உங்கப்பா சொல்ற எடைக் கணக்கெல்லாம் சரிதான், அதுல ஒண்ணும் தப்பில்லை. ஆனா மூணு மாசமா அவருக்குக் கஞ்சி தனியா, கீரை தனியா, வர்றவங்களுக்குச் சோறு தனியான்னு ஆக்கி எனக்கு இடுப்பு உட்டுப்போச்சு. அவருக்கு வெந்நி வெக்கறதைத் தவிர அடுப்புல ஒரு சோலியும் தெரியாது. அவரு வரலைன்னா வரலைன்னு இருக்கட்டும், நீ காரை அனுப்பு, நான் வாரேன். பொடவையெல்லாம் எடுத்து வெச்சுப்போட்டேன். நான் அங்க ஒரு மாசம் இருந்தாப் போதும் சாமி, அவரு எடையப் பத்தி அப்பறம் நீ கவலையே பட வேண்டாம்.