எல்லாருக்கும் தெரிந்த வளையம்

ஜார்ஜ்டவுன், பினாங்கு
12.9.1999

அன்பு மகள் சந்திரிகாவுக்கு அப்பா சின்னையா எழுதுவது. தண்ணீர்மலை முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் நலம், கூரையும் இந்த மழைக்கு ஒழுகவில்லை. கிளாஸ்கோ குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டுகிறோம்.

முதலில் என் மானம் போன கதை. கண் பிரஷர் பார்க்க நீ அனுப்பினாயே பென்சில் மாதிரி ஒரு கருவி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்தேன். வேளை தவறாமல் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஒரு கண்ணை அரைவாசி மூடி, ஓரமாகத் திருப்பி, மூக்குப் பக்கத்து இமையில் வைத்து அழுத்தினேன். அழுத்தும்போது வாய் தானாக இளிக்கிறது, நான் என்ன செய்ய? எதிர் பெஞ்சில் பாகான் டாலாம் வள்ளியம்மா, அம்மாவின் கோயில் கூட்டாளி. நான் கண்ணடிக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார். ஜெட்டித் துறையில் இறங்கியதும் பொதுத் தொலைபேசிக்கு ஓடியிருக்கிறார் போல, நான் பஸ் பிடித்து வீடு சேருமுன் சேதி சேர்ந்துவிட்டது.

அம்மா கதவிலேயே நின்றாள். "எந்தக் கண்ணால அடிச்சீங்க?" என்றாள், அவ்வளவுதான்.

கருவியை எடுத்துக் காட்டினேன். இமையை மெல்ல அழுத்தினால் கண்ணுக்குள் ஓரத்தில் ஓர் ஒளி வளையம் வரும், வந்தவுடன் நிறுத்தி நம்பரைப் பார்க்க வேண்டும், பிரஷர் ஏறினால் இன்னும் பலமாக அழுத்தினால்தான் வளையம் வரும் என்று உன் கடிதத்தில் இருந்ததையெல்லாம் ஒப்பித்தேன். மில்லில் முப்பது வருஷம் பாய்லர் மீட்டர் பார்த்தவனுக்கு இது பெரிய வித்தையா? பாய்லராவது பிரஷர் ஏறினால் விசில் அடிக்கும், இந்த வியாதி சத்தமே போடாமல் பார்வையைத் தின்றுவிடுகிறது. அம்மா நம்பவில்லை. தானே வாங்கி அழுத்தினாள். ஐயோ, நீ பார்த்திருக்க வேண்டும், மயிலிறகுக் கண் தெரியுது, முருகன் தெரியுறார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டே தெருவுக்கு ஓடிவிட்டாள். பிறகென்ன, பக்கத்து ரொட்டிக் கடை மீரா சாகிப் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், அவர் சம்சாரம் ஆயிஷா வந்தார், பின்னாலேயே அரைத் தெரு வந்தது. நீ நர்ஸ் என்பதால் சொல்கிறேன், ஒவ்வொருவருக்கும் நுனியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். இடது கண், வலது கண், தெரியுதா தெரியுது, தெரியுதா தெரியுது, தைப்பூசப் பந்தல் மாதிரி ஒரே ஆரவாரம். இதற்கு பேட்டரி எங்கே போடுவது என்று மீரா சாகிப் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வலது கண்ணில் பதினெட்டு, நீ எழுதிய இருபத்தொன்றுக்குள்தான். இடது கண்தானே விவகாரம், கூட்டம் மூச்சைப் பிடித்து நின்றது. அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள்.

"அண்ணே, தெரியுதா?" என்றார் மீரா சாகிப்.

"தெரியுதுலா. இதுவும் பதினெட்டுதான்."

அப்படி ஒரு கைதட்டல். அம்மா அழுதேவிட்டாள். மீரா சாகிப் எல்லாருக்கும் தே தாரிக் டீ ஆற்றிக் கொடுத்தார். இடது கண் பிரஷர் இறங்காவிட்டால் அடுத்த மாதம் ஆபரேஷன் என்றாரே டாக்டர், இனி அதற்கு என்ன வேலை? சொட்டு மருந்தே போதும். ஆகவே நீ லீவு கேட்டு மேலதிகாரியிடம் பல்லைக் காட்ட வேண்டாம், பிளேன் டிக்கெட்டும் இப்போது வேண்டாம். தீபாவளிக்குச் சாவகாசமாக வா.

எந்த ஊரில் இருந்தாலும் வயிறார உண்டு, மனசார உறங்கி, தலை நிமிர்ந்து இருக்க உன்னை ஆசீர்வதிக்கும்,
அப்பா.

பி.கு.: இதுவரை எழுதியதை அம்மா படித்துவிட்டு ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கிறாள். டிக்கெட் போட்டுவிடு. வலது கண் பதினெட்டு, அது நிஜம். இடது கண்ணில், அவ்வளவு பேரும் கேட்டு நின்றபோது, எவ்வளவு அழுத்தியும் எனக்கு வளையம் வரவில்லை.