பாலைவனத்துக்கு மூன்று கோழிகள்

"பன்றிக்கறி எங்க விடுதி வாசப்படியே மிதிக்காது சார், நீங்க கவலையே படாதீங்க" என்றாள் தொலைபேசியின் மறுமுனையில் நமீபியப் பாலைவன விடுதிக்காரி இங்கிரிட். "உங்களுக்குன்னு தனியா பாலைவன மான் கறி போட்டுடறோம்."

"அந்த மானை எப்படி அறுத்தாங்க?"

"அறுக்கறதா? ஒரே குண்டு. அதுக்கு வலியே தெரிஞ்சிருக்காது."

இஹ்சான் கண்ணை மூடித் திறந்தான். கையிலிருந்த அட்டையில் 'மான்' என்று எழுதியிருந்ததன் குறுக்கே ஒரு கோடு போட்டான். கேப் டவுனில் வண்டி ஓட்டும் உரிமத்துக்குத் தேர்வு வைக்கிற அதிகாரி அவன். பத்தொன்பது வருஷமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பைக் குறித்துக் குறித்து, அந்த அட்டை அவனுக்கு இன்னொரு கையாகவே ஆகிவிட்டிருந்தது.

"சரி, வெறும் காய்கறி?"

"தாராளமா! எங்க சமையல்காரர் காளானை வெள்ளை ஒயின்ல வேகவெச்சு ஒண்ணு பண்ணுவார் பாருங்க..."

"ஒயின் இல்லாம?"

"ஒயின் இல்லாட்டி அது வெறும் காளான் சார்." அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

'காளான்' என்பதன் மேலும் கோடு விழுந்தது. அடுப்படியிலிருந்து மனைவி நஸ்லி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நாலு நாள் பிரயாணத்துக்கு ரொட்டியும் முட்டையும் போதாதா? முட்டையை யாரும் அறுக்கவும் வேணாம், சுடவும் வேணாம்."

"அக்காவுக்கு ரொட்டியும் முட்டையுமா குடுக்கச் சொல்றே?"

நஸ்லி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அக்கா என்று வந்துவிட்டால் அந்த வீட்டில் வேடிக்கைப் பேச்சு நின்றுவிடும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், இஹ்சானின் மகள் தஸ்னீமுக்குப் பெயர் வைத்த அன்று, அறுபது பேர் வந்திருந்தார்கள். தம்பியின் முதல் குழந்தை என்று ருகாயா அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. விடிந்ததிலிருந்து பலகார மேஜையை அவள்தான் அலங்கரித்துக்கொண்டிருந்தாள். கேக், பிஸ்கட், நடுவில் கண்ணாடிக் கிண்ணம் நிறைய வெள்ளையும் ரோஜா நிறமுமாக, மார்ஷ்மெல்லோ என்கிற மெத்து மிட்டாய். இமாம் ஓதி முடித்து நாலு மிட்டாய் சாப்பிட்டார். ஐந்தாவதைக் கையில் எடுத்தபோது இமாமின் மனைவி குப்பைக் கூடையிலிருந்து காலிப் பாக்கெட்டை எடுத்துப் படித்தாள். வெளிநாட்டுச் சரக்கு. பன்றித்தோலில் எடுத்த ஜெலட்டின் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது.

இமாம் ஐந்தாவது மிட்டாயை மேஜையில் வைத்த சத்தம் இஹ்சானுக்கு இன்னும் காதில் இருக்கிறது. மெத்து மிட்டாய்க்குச் சத்தம் கிடையாது என்று யாராவது சொன்னால் அவன் ஒப்புக்கொள்ளமாட்டான். "என் வீடு, என் மேஜை, என் தப்பு" என்று எல்லார் முன்னாலும் கைகட்டி நின்றான். எங்கள் பேட்டையில் அன்று முதல் அவனுக்கு மெத்துமிட்டாய் இஹ்சான் என்று பெயர். அது போகட்டும். அக்கா அழுதுகொண்டே அன்று வெளியே போனவள், அதற்குப் பிறகு அவன் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. பெருநாளைக்கு வருவாள், சலாம் சொல்வாள், தண்ணீர் குடிப்பாள், போய்விடுவாள். விசேஷ வீட்டிலிருந்து கட்டிக் கொடுக்கும் பலகாரப் பொட்டலத்தைக்கூட அவன் கையால் வாங்கியதில்லை.

இந்த வருஷம் அவளுக்கு ஹஜ்ஜுக்கு உத்தரவு வந்துவிட்டது. இன்னும் ஆறு வாரத்தில் புறப்பாடு. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் வீடு வீடாகப் போய் "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்சதை மன்னிச்சுடுங்க" என்று மாஃப் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். தன் வீட்டுக்கும் வருவாள், வழக்கம்போல் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவாள் என்று இஹ்சானுக்குத் தெரியும். அறுபது வயது, சர்க்கரை வியாதி, அத்தனை கூட்டம். போகிற எல்லாரும் திரும்பி வருவதில்லை. அதற்குள் அவள் அவன் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அக்காவின் அடுப்படிச் சுவரில் முப்பது வருஷமாகச் சிவப்பு மணல்மேட்டுப் படம் ஒன்று தொங்குகிறது. நமீபியப் பாலைவனம். சின்ன வயதில் "வேலைக்குப் போனதும் ஒன்னை அங்க கூட்டிட்டுப் போறேன்க்கா" என்று சொன்னவன் அவன். இப்போது அழைத்ததும் அவள் உடனே வருகிறேன் என்றாள். அதுவே அவனுக்கு அதிசயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவளே தொலைபேசியில் வந்தாள்.

"இஹ்சான், ஒன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்டா. பிரயாணத்துக்கு முன்னாடி சொல்லிடலாம்னு..."

"தெரியும்க்கா! நீ வாயே தொறக்க வேணாம். ஒரு துளி சந்தேகம் இல்லாத சாப்பாடு. நானே பொறுப்பு."

"அதில்லடா..."

"பாத்திரம்கூட நம்ம பாத்திரம்தான்க்கா!"

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. அவள் நம்பவில்லை என்று இஹ்சானுக்குத் தோன்றியது. உடனே இங்கிரிட்டைக் கூப்பிட்டு, சொந்தப் பாத்திரம், சொந்த அடுப்பு கொண்டு வருகிறோம் என்றான்.

"அறைக்குள்ள அடுப்பு பத்தவைக்கக் கூடாது சார்."

"அப்ப வெளியில?"

"வெளியில சமைக்கணும்னா கூடாரம் போடற எடத்துக்குத்தான் மாத்தணும்."

"மாத்துங்க."

இப்படியாக, முழங்கால் வலிக்காரியான அக்கா மெத்தைக் கட்டிலிலிருந்து மணல் தரைக்கு மாற்றப்பட்டாள்.

அடுத்து, தெரிந்த கசாப்புக் கடையில் அரை ஆடு வாங்கி உறையவைத்தான். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது நஸ்லி விசாரித்துச் சொன்னாள்: கால்நடை நோயாம், பச்சைக் கறியோ சமைச்ச கறியோ எல்லை தாண்டக்கூடாதாம். அரை ஆட்டில் பெரும்பகுதி தெருவுக்குப் பங்கு போனது. மெத்துமிட்டாய்க்குப் பரிகாரம் என்று தெருவே பேசிக்கொண்டு வாங்கிக்கொண்டது. நஸ்லி மிச்சக் கறியைக் கொத்தி நூற்றிருபது சமோசா பொரித்து, மேலே உருளைக்கிழங்கு சமோசாவாக ஒரு வரிசை அடுக்கினாள். "அதிகாரி கேட்டா நான் பேசிக்கறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

எல்லையில் அதிகாரி டப்பாவைத் திறந்து பார்த்தார். நல்ல மனிதர். பசியோடு வந்த குடும்பம் என்று இரக்கப்பட்டிருக்க வேண்டும். "உருளைக்கிழங்குதானே?" என்று கேட்டு மூடியை மூடவும் போனார்.

"மேல் வரிசை மட்டும்தான் சார்" என்றான் இஹ்சான். "அடியில எல்லாம் ஆட்டுக்கறி."

அவன் கையில் அட்டை இருந்தது. அட்டையைப் பிடித்துக்கொண்டு அவனால் பொய் சொல்ல முடியாது. கறிச் சமோசா அத்தனையும் பறிபோய், மேல் வரிசைப் பன்னிரண்டு சமோசாவோடு வண்டி நமீபியாவுக்குள் நுழைந்தது. அதையும் தஸ்னீம் முதல் பதினைந்து மைலுக்குள் முடித்தாள். நஸ்லி அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

பின்சீட்டில் அக்காவும் அவள் கணவர் ஆர்மினும். மச்சான் கேப் டவுனில் ஏறும்போது "பிஸ்மில்லா" என்று சொன்னவர்தான், அப்புறம் வாய் திறக்கவில்லை. அக்கா தன் பையிலிருந்து தன் பேரீச்சம்பழத்தையே எடுத்துத் தின்றாள். நஸ்லி பிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டியபோது "பசிக்கலம்மா" என்றாள். தேநீருக்கு எதற்குப் பசி என்று இஹ்சான் கண்ணாடியில் பார்த்தபடியே நொந்துகொண்டான்.

மறுநாள் பெட்ரோல் போட நின்ற இடத்தில் அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "இஹ்சான், நில்லுடா. இனிமேலும் என்னால..."

"புரியுதுக்கா. சமோசா போச்சேன்னு நீ வருத்தப்படாத." அவன் கண் எதிர்ப்பக்கப் பண்ணை வேலியில் நின்றது. "உயிரோட இருக்கறதை எல்லைக்கு இந்தப் பக்கமே வாங்கிட்டா யாரு தடுப்பா?"

மூன்று கோழிகள். காலைக் கட்டி அக்காவின் காலடியில் வைத்தார்கள். மீதி நூறு மைலும் அவை அவளைத் திட்டிக்கொண்டே வந்தன.

மணல்மேட்டை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. படத்தில் இருந்ததைவிடச் சிவப்பாக இருந்தது மேடு. அக்கா வண்டியைவிட்டு இறங்கி அப்படியே நின்றுவிட்டாள். இஹ்சானுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. அவன் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

பக்ரீத் குர்பானி ஆட்டை அறுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன். முதல் கோழியை மக்கா இருக்கும் கிப்லா பக்கம் திருப்பிப் பிடித்தான். "பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்" என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சொன்னான். கண்ணைத் திறந்தபோது கத்தி இருந்தது, கயிறு இருந்தது, கோழி இல்லை.

"வாப்பா, அங்க!" என்று தஸ்னீம் கத்தினாள்.

அதைத் துரத்த ஓடினவன் மற்ற இரண்டின் கயிற்றில் கால் தடுக்கி விழுந்தான். கயிறு அவிழ்ந்தது. மூன்று கோழிகள் மணல்மேட்டில் ஏறின. பின்னால் இஹ்சான். ஒரு அடி ஏறினால் அரை அடி சரிந்தது. மேட்டின் உச்சியில் கோழிகள் மூன்றும் ஒரு நிமிஷம் நின்று அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபக்கம் இறங்கிப் போயின.

அவன் கீழே வந்தபோது சட்டை முழுக்க மணல். கையில் ஒரே ஒரு இறகு. யாரும் சிரிக்கவில்லை. நஸ்லி தண்ணீர் கொடுத்தாள். "உக்காருங்க. முட்டை இருக்கு" என்று மட்டும் சொன்னாள். அவளுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் போயிருந்தது.

தஸ்னீம் நெருப்பருகே தன் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு பாக்கெட் மெத்து மிட்டாய். நெருப்பில் வாட்டித் தின்பதற்காக அவளே வாங்கி வைத்திருந்தாள். நஸ்லிக்கு முகம் வெளுத்தது.

இஹ்சான் பாக்கெட்டை வாங்கிப் படித்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தான். மாட்டு ஜெலட்டின். ஹலால் முத்திரை. மூன்றாம் முறை சத்தமாகப் படித்தான். பிறகு ஒரு வெள்ளை மிட்டாயை எடுத்துக்கொண்டு அக்காவின் முன்னால் மணலில் மண்டியிட்டான்.

"அக்கா, மான் இல்ல, ஆடு இல்ல, சமோசா போச்சு, கோழியும் போச்சு. ஒனக்குக் குடுக்க எங்கிட்ட இது ஒண்ணுதான் மிச்சம். பதினோரு வருஷமா அந்தப் பாக்கெட்டை எந்தக் கடையில வாங்கினேன்னு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரல. எங்க வாங்கினா என்ன, தப்பு என் தப்புதான். நீ காபாவுக்கு முன்னால போய் நிக்கறதுக்குள்ள என்னை மன்னிச்சு இந்த ஒண்ணைத் தின்னுடுக்கா."

அக்கா மிட்டாயைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வயதான பெண் அழக்கூடாத விதமாகத் தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள். ஏதோ சொல்லப் பார்த்தாள், அழுகையே முந்திக்கொண்டது.

"இன்னுமா ஒனக்கு மனசு ஆறல?" என்று கேட்டான் இஹ்சான்.

இரண்டு நாளாக வாய் திறக்காத ஆர்மின் மச்சான் அவன் கையிலிருந்த மிட்டாயை எடுத்து மனைவியின் கையில் வைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாப்ளே, ஒங்கிட்ட மாஃப் கேக்கத்தான் இவ இவ்வளவு தூரம் வந்திருக்கா, நீ எங்க பேச விட்டே? அன்னிக்கு அந்தப் பாக்கெட்டை வாங்கிட்டு வந்தது இவதான்."