ரிக்குக்காரர் வீட்டு ஒற்றன்

கடவுளே நேரில் வந்து நின்றாலும், "சித்த திரும்பி நில்லுங்க, முதுகுப்பக்கம் எப்படி இருக்குதுன்னு பாத்துக்கறேன்" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் தெரு ரிக்குக்காரர்தான்.

அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் என் வீட்டுக்கு எதிர்வீடு அவருடையது. அவருக்குப் பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ரிக் வண்டி, அதாவது போர்வெல் போடும் லாரி, ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான் வரைக்கும் போய்ப் பூமியில் ஓட்டை போட்டுவிட்டு வந்தவர். தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு "இங்கே தண்ணீர் இருக்கிறது" என்றவனும் அவரை ஏமாற்றியிருக்கிறான், பெட்டி நிறையக் கருவி கொண்டுவந்து காட்டியவனும் ஏமாற்றியிருக்கிறான். குழாயை இறக்கினால் புழுதிதான் வரும். அதனால் இறக்கிப் பார்க்காமல் எதையும் நம்புவதில்லை என்று முடிவு செய்துவிட்டார்.

கேஸ் சிலிண்டர் வந்தால் தராசில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் அதைக் கொண்டுவந்த பையனை வெளியே விடுவார். ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க அவரை டாக்டரிடம் கூட்டிப்போனேன். பட்டையை எடுத்த டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல உங்களுக்குப் பாருங்க."

"எனக்கு எதுக்குங்க?"

"மிஷினு சரியா வேலை செய்யுதான்னு தெரியோணுமில்லீங்க."

டாக்டர் சிரித்துக்கொண்டே தனக்குக் கட்டிப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு இவருக்குக் கட்டிப் பார்த்ததில், இவரைவிட அவருக்குத்தான் அதிகம். அன்றைக்கு எங்களிடம் ஃபீஸ் வாங்கவில்லை.

மனைவி போன பிறகு அவர் தனியாகத்தான் இருந்தார். வீடு கூட்ட வந்த பெண்கள் யாரும் நிலைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு சிட்டிகை கடுகைத் தூவி வைத்துவிட்டு, அவர்கள் போனதும் டார்ச் அடித்துப் பார்ப்பார். கடுகு இருந்தால் ஆள் அவுட். கடைசியாக வந்தவள் கெட்டிக்காரி. "ஐயா, கடுகக் கூட்டித் தாளிச்சும் வெச்சுட்டேன், வேற ஆளப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவருடைய ஒரே மகள் கவிதா மெல்போர்னில் இருக்கிறாள். அப்பா குனிந்து கூட்டக்கூடாதென்று தானாகவே ஓடி வீடு கூட்டும் ஒரு ரோபோ வேக்குவத்தை வாங்கி அனுப்பிவைத்தாள். அதே வாரம் எனக்கும் போன் செய்தாள்.

"அங்கிள், அப்பா கீழ விழுந்தாக்கூட என்கிட்டச் சொல்ல மாட்டாரு. நீங்க வாரம் ஒருக்கா உள்ளதச் சொல்லுங்க. ஒரு தடவை விழுந்துட்டாருன்னாலும் கோயமுத்தூர்ல பெரியவங்க இருக்கற அபார்ட்மென்ட்டுல சேத்திருவேன். தனியா வெக்க முடியாது."

அது அவருக்கும் தெரியும். "இந்த ஊட்ட உட்டு நானா நடந்து போறதா இல்லீங்க வாத்தியாரே" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். தெரிந்தும் நான் ஒப்புக்கொண்டேன். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஒற்றர் முறை பற்றி எத்தனையோ வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். அந்த வேலையில் நானே சேர்ந்துவிட்டேன் என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை. வாரம் ஒரு முறை வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினேன். அனுப்பிவிட்டு எதிர்வீட்டுக்குப் போய் அவர் போட்ட டீயைக் குடித்தேன்.

அவருடைய சந்தேகமெல்லாம் அந்த மிஷின் மேல்தான்.

வெள்ளையாக, வட்டமாக, கவிழ்த்து வைத்த தாம்பாளம் போல இருந்தது. முதல் நாளே சோபாவுக்கு அடியில் போய்ச் சிக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது.

"என்னங்க சொல்லுது?"

"தன்னை வேற இடத்துக்கு மாத்தச் சொல்லுதுங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "பாத்தீங்களா, கவிதா சொல்லிக்குடுத்துத்தான் அனுப்பியிருக்கறா. இன்னைக்கு இது, நாளைக்கு நான்."

அடுத்து வந்தது வரைபடம். கவிதா சொன்னபடி செல்போனில் அதன் ஆப்பைத் திறந்து காட்டினேன். ஹால், சமையலறை, படுக்கையறை என்று வீடு முழுவதும் அளவு பிசகாமல் கோடு போட்டு வைத்திருந்தது. ரிக்குக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சர்வேயர் அளக்க வந்தாக்கூட முன்னாடி நோட்டீஸ் குடுப்பானுங்க. இது எம்பட ஊட்டையே அளந்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிருச்சு. விக்கறதுக்குத்தான்."

"சுத்தம் பண்றதுக்குங்க."

"ஊட்ட சுத்தமாக்கறதுக்குன்னு நீங்க சொல்றீங்க. சுத்தமா முடிக்கறதுக்குன்னு நான் சொல்றேன்."

சந்தேகம் போகட்டும், அந்த மிஷினும் லேசுப்பட்டதில்லை. ஹாலைச் சுற்றிக் கறுப்புக் கிரானைட்டில் பட்டை போட்டிருந்தார். மிஷினுக்கு அது பள்ளம். ஓரத்துக்கு வந்ததும் கிணற்றை எட்டிப்பார்த்த ஆடு மாதிரி பின்வாங்கும். மிதியடியின் குஞ்சத்தைத் தின்றது, சார்ஜர் ஒயரைத் தின்றது, கொடியிலிருந்து விழுந்த வேட்டியின் கரையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஒரு டம்ளர் குப்பை சேர்ந்ததும் வயிறு நிறைந்துவிட்டதென்று மூலையில் போய் நின்றுகொள்ளும். கடுகுப் பரீட்சையில் மட்டும் தேறியது. அதற்கும் இவர் திருப்திப்படவில்லை. "கட்டிலுக்கடியில கடுகு இருக்கறது இதுக்கு எப்படித் தெரிஞ்சுது? யாரு சொன்னா?" என்றார்.

குனிய வேண்டாமென்று வந்த மிஷினுக்குப் பின்னால் அவர் நாள் முழுவதும் குனிந்தே நடந்தார். ஒரு கையில் டார்ச், மறு கையில் குச்சி. "ரைட்ல வா, ரைட்ல வா, ஸ்டாப், ஒடிச்சுக்கோ" என்று லாரிக்கு வழி சொல்வது போல் சொல்லிக்கொண்டே போவார்.

"லாரின்னா டிரைவரும் இருப்பான், கிளீனரும் இருப்பான். இங்க கிளீனர் மட்டும் தனியாத் திரியறான். எப்படிங்க வேலை நடக்கும்?"

பிறகு தானே அதைத் திருத்த ஆரம்பித்தார். சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிலும் பம்பர் கட்டினார். எங்கே திரிகிறது என்று தெரிவதற்கு ஆட்டு மணி ஒன்றைத் தொங்கவிட்டார். சோபாவுக்கு அடியில் மாட்டினால் இழுப்பதற்கு ஒரு கயிறு. கயிற்றை அது முதல் நாளே சுருட்டி விழுங்கிவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டு யோசனை சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"ஏனுங் சாமி, இது ரிவர்ஸ்ல போறப்பச் சத்தம் வராப்பல ஒண்ணு வெக்கோணும். குப்பைப் பெட்டி பக்கெட்டு அளவுக்கு வேணும். வாசப்படி தாண்டறதுக்கு முன்சக்கரம் பெருசாப் போடுங்க. அப்பறம், இது யாருக்கு என்ன சொல்லியனுப்புதுன்னு எனக்கும் ஒரு காப்பி வரோணும்."

போனை எடுத்த பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்த உரையாடலுக்கு அஞ்சுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டாள்.

"நீ யாருன்னே தெரியாது. நான் எப்படி மார்க் போடறது?"

இதையெல்லாம் நான் கவிதாவுக்கு அனுப்பினேன். அவள் சிரித்தாள். அவள் சிரிக்கிறாள் என்பதற்காகவே கொஞ்சம் கூட்டியும் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. ரிக் வண்டிக்கு எப்படிச் செய்தாரோ அதே மாதிரி மிஷினைத் துடைத்து, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்தார். வண்டிக்கு முகப்புக் கண்ணாடியில் வைப்பது வழக்கம். இதற்கு முகப்பில் பளபளவென்று கறுப்பாக ஒரு கண்ணாடி இருந்தது. அதன் நடுவில் பெரிதாக ஒரு பொட்டு. மிஷினுக்கு இருந்த ஒரே கண் அதுதான் என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், வாசலில் உடைத்த பூசணிக்காய், அதில் குங்குமம். கற்பூரம் காட்டிவிட்டு, "வண்டிய எடுங்க வாத்தியாரே" என்றார். நான் பட்டனை அழுத்தினேன்.

கண் தெரியாத மிஷின் எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு சக்கரத்தை ஏற்றி அங்கேயே மூன்று சுற்றுச் சுற்றியது. பழம் நசுங்கியதும் விடுபட்டு, பூஜைத் தட்டில் மோதிக் குங்குமத்தைக் கொட்டி, அதை ஹால் முழுவதும் தீற்றிக்கொண்டு, மாலையும் மணியுமாகத் திறந்திருந்த வாசல் வழியாக வெளியே கிளம்பியது. "புடிங்க, புடிங்க, ரோட்டுக்குப் போவுது" என்று அவர் பின்னால் ஓடினார். மிஷின் படியில் உருண்டது. அவர் பூசணிக்காய் மேல் கால் வைத்தார்.

தூக்கி உட்கார வைத்தபோது இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. வலியைவிடப் பயம்தான் முகத்தில் தெரிந்தது.

"கவிதாகிட்டச் சொல்லிப்போடாதீங்க வாத்தியாரே."

"சொல்லலீங்க" என்றேன்.

எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவரை எக்ஸ்ரே எடுக்க உள்ளே அனுப்பிவிட்டு, வராந்தாவில் நின்றுகொண்டு கவிதாவுக்குப் பேசி அனுப்பினேன். அவர் நல்லதுக்காக என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்ளலாம். பாதி அது உண்மைதான். மறு பாதி, செய்தியை முதலில் சொல்கிறவன் நான் என்ற பெருமை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் நான் போனபோது ஹாலில் மிஷின் இல்லை. குளியலறைக் கதவு வெளியிலிருந்து தாழிட்டிருந்தது. அதற்கு முன்னால் நாற்காலி போட்டு, மாவுக்கட்டுக் கையோடு காவல் உட்கார்ந்திருந்தார்.

"காத்தால கவிதா கூப்புட்டா. எடுத்ததுமே, கை எப்படிப்பா இருக்குதுங்கறா. டிக்கெட் போட்டுட்டாளாம், கோயமுத்தூர்ல ரூமும் சொல்லிட்டாளாம்." கதவைக் காட்டினார். "எல்லாம் இவன் வேலை. நான் உழுந்து கெடந்தப்பவும் இவனோட பச்சை லைட்டு மினுக்குமினுக்குன்னு எரிஞ்சுது. அப்பவே அனுப்பிட்டான். தண்ணித்தொட்டியில போட்டுறலாம்னு இருக்கறேன்."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். மிஷின் மறுத்துப் பேசப்போவதில்லை. ஆனால் ஒரு பாவமும் அறியாத அந்தத் தாம்பாளத்தை அவர் தண்ணீரில் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அது சொல்லலீங்க. நான் சொன்னேன். இத்தனை நாளும் நான்தானுங்க சொல்லிக்கிட்டு இருந்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து தாழைத் திறந்து, மிஷினை ஒற்றைக் கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தோள் துண்டால் அதன் கண்ணில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தார்.

"உன்னையப் போயி சந்தேகப்பட்டுட்டனே சாமி" என்று அதனிடம் சொன்னார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. "உலகத்துல எல்லாரையும் சோதிச்சுப் பாக்கறீங்க, என்னைய மட்டும் ஏங்க ஒரு தடவைகூடச் சோதிக்கல?" என்று கேட்டேன்.

"உங்கள எதுக்குங்க சோதிக்கோணும்?" என்றார். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

கவிதா வந்தாள். தெருவில் யாராவது தினமும் பார்த்துக்கொள்கிறோம், இங்கேயே இருக்கட்டும் என்று அவளிடம் மன்றாடினேன். "நீங்க சொன்னதக் கேட்டுத்தானே அங்கிள் முடிவு பண்ணினேன்" என்றாள். ரிக்குக்காரர் சண்டை போடாமல் காரில் ஏறினார். மிஷினை மடியில் வைத்துக்கொண்டு போனார். கார் சந்து திரும்பும் வரை அவர் என் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு மாதம் போல அவரிடமிருந்து போன் வரவில்லை. நான் போட்டாலும் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் காலையில் அவரே கூப்பிட்டார். எடுத்ததும் நலம் விசாரிக்கவில்லை.

"இங்க ரசத்துல மொளகே இல்லீங்க. போர்டுல மட்டும் மொளகு ரசம்னு எழுதி வெக்கறானுங்க. இத நான் சொன்னா, நீங்க கவிதாகிட்டச் சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேனுங்க."

"நம்ப மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு, பக்கத்து அறைக்காரர் யார், மேனேஜர் ஏன் அப்படிச் சிரிக்கிறார், லிஃப்டில் ஒட்டியிருக்கும் எடை அளவை யார் ஏற்றிச் சோதித்துப் பார்த்தது என்று மூச்சுவிடாமல் பேசினார்.

இப்போது தினமும் காலையில் கூப்பிடுகிறார். தினமும் அதே கேள்வியைக் கேட்டு, அதே மாதிரி நம்ப மறுத்துவிட்டு, எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிறார். அந்தப் போன் வரும் வரைக்கும் நான் காப்பிகூடக் குடிப்பதில்லை.