கடைசிப் பாட்டு வரைக்கும்

இசைத்தட்டின் நடு ஓட்டை பெரிதாகவும் பிளேயரின் கம்பி சின்னதாகவும் இருந்தன. நடுவில் மாட்டும் பிளாஸ்டிக் வில்லையை வெர்னன் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். முதியோர் இல்லத்துச் சமையலறையில் ஓர் உருளைக்கிழங்கை வாங்கி, வட்டமாக வெட்டி, ஓட்டையில் திணித்தார். பாட்டு வந்தது. பாடியவன் மூக்குமுட்டக் குடித்துவிட்டுப் பாடுவதுபோல் வந்தது.

"இதக் கேட்டா உங்க வீட்டம்மாவுக்கு ஞாபகம் வந்துருமா?" என்றாள் பணிப்பெண் ரொண்டா.

"வரும். நானும் நடீனும் மொத மொத ஆடின பாட்டு."

நடீன் அவரை மறந்து ஒரு வருடம் ஆகிறது. இன்று காலையில்கூட, குழாய் ரிப்பேருக்கு வந்தவரா என்று மரியாதையாகக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லி, குழாயைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு, வராந்தாவில் போய் அழுதார்.

ஆடுவதென்றால் முறையாக ஆடவேண்டும். அந்தக் காலத்தில் பள்ளி ஜிம்மில்தான் நடனம். பளபளக்கும் மரத்தரை கீறிவிடும் என்று ஷூவை வாசலில் குவித்துவிட்டு, சாக்ஸோடுதான் ஆடுவார்கள்.

"எல்லாரும் ஷூவக் கழட்டுங்க" என்றார் வெர்னன்.

இல்லத்துக் கிழங்கள் அத்தனையும் பதினேழு வயது வந்துவிட்டதுபோல் கழற்றி வீசின. வெர்னன் தன் பழுப்பு ஷூவைக் கூடத்து வாசலில் இருந்த குவியலின்மேல் வைத்தார். பாட்டு மறுபடி ஓடியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நடீனிடம் போய்க் கையை நீட்டினார்.

"மன்னிச்சுக்குங்க. நான் ஒருத்தருக்காகக் காத்திருக்கேன்" என்றாள் அவள். எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள்.

வெர்னன் பிளேயரை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தால், அங்கே ஒரே ரகளை. எது தன் ஷூ என்று ஒருவருக்கும் நினைவில்லை. ரொண்டா பொறுமையாக ஒவ்வொரு காலிலும் எதையாவது மாட்டி முடித்தபோது, வெர்னனுடையது மட்டும் இல்லை.

"எல்மர், எங்கடா என் ஷூ?"

"எனக்கென்னடா தெரியும்?" என்றார் எல்மர். பள்ளித் தோழர், இப்போது இதே இல்லத்துவாசி.

"அன்னிக்கும் இதையேதான் சொன்ன. ஜிம்முல என் ஷூவ ஒளிச்சு வெச்சதும் நீதான். எல்லாரும் கிளம்ப ஆரம்பிச்சுட்டாங்க, நான் சாக்ஸோட நின்னேன். பாவம், நடீன் மட்டும் கூடவே இருந்து தேடினா."

"அதனாலதானடா கடைசிப் பாட்டுக்கு அவகூட ஆடுன? அதுக்குப் போயி அறுபது வருஷம் மூஞ்சியத் திருப்பிக்கிட்ட. என் கல்யாணத்துக்குக்கூட வரல. நான் எடுக்கலடா."

வெர்னன் நம்பவில்லை. எல்மரின் அறைக்கே போய்க் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. எல்மரே தூக்கி உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

"வெளிய பனி கொட்டுது. இதப் போட்டுக்கிட்டுப் போ" என்று எல்மர் தன் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார்.

வெர்னன் அதற்குள் காலை நுழைத்தபோது ரொண்டா வந்து நின்றாள்.

"சார், உங்க ஷூ உங்க வீட்டம்மாகிட்டதான் இருக்கு. போர்வைக்குள்ள கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தர மாட்டேங்குறாங்க. 'இதக் குடுத்துட்டா அந்த வெர்னன் பையன் என்கூட ஆடாமலே வீட்டுக்குப் போயிடுவான், யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னு என் காதுல சொல்றாங்க."