ஒரு துறைமுகமும் ஏழு மச்சான்மாரும்

ஆளில்லாத படம் எடுக்க எங்கள் சனத்துக்குக் கை வராது. மலையோ கோயிலோ பனியோ, அதற்கு முன்னால் யாராவது விறைத்துக்கொண்டு நிற்காவிட்டால் பிலிம் வீண் என்றுதான் நினைப்போம். இந்த ஒரு குணம் எண்பதுகளில் என்னை எப்படிக் கவிழ்த்தது என்று நினைத்தால் இன்றைக்கும் பத்திக்கொண்டு வருகிறது.

அப்போது நான் சுவிஸில் சூக் நகரில் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். முதலாளியை ‘செஃப்’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் பிறந்தது இத்தாலியில், கடலோரத்துப் பழைய பட்டினம் ஒன்றில். உணவகத்தைத் திருத்திப் புதிதாகத் திறக்கிற ஆயத்தத்தில் இருந்தவருக்கு ஓர் ஆசை. நீளச் சுவர் முழுக்கத் தன் ஊர், ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை, ஒரே படமாகத் தெரியவேண்டும். அவருக்கோ வேலையை விட்டு நகர முடியாது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஊரில் ஸ்டூடியோவில் வேலை செய்ததாகச் சொன்னேன். (பொய்யில்லை. கலியாண வீடுகளில் லைட் பிடித்தேன்.)

செஃப் என் தோளில் தட்டினார். “படம் சரியாக வந்தால், திறப்பு விழாவிலிருந்து நீ பிட்சா அடுப்படியில்!”

கழுவுதொட்டிக்கு விடுதலை! சந்தோசத்தில் அன்று இரண்டு கோப்பை உடைத்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி தொடங்கினாள். “தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கோவன். வந்த நாள் தொடக்கம் வேலையும் இல்லாமல் அறைக்குள்ளையே கிடக்கிறான்.”

“அவன் என்னத்துக்கு? நான் வேலையாப் போறன்.”

“கமரா முக்காலியைத் தூக்கவாவது உதவுவான்.”

மச்சான் தயாபரன் முக்காலியைத் தூக்கவில்லை. கோட் கசங்குமாம். யாரோ ஒருவருடைய கலியாணக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டு, கறுப்புக் கண்ணாடியும் மாட்டி, ரயிலில் மாப்பிள்ளை மாதிரி வந்தான். எல்லைக்காவலர் எங்கள் பயணப் பத்திரத்தைவிட அந்தக் கோட்டைத்தான் கூட நேரம் பார்த்தார்.

செஃப் சொல்லித் தந்த வேலை லேசு. அலைதடுப்பு அணையில் முக்காலியை வைத்து, கமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஏழு படம் எடுக்கவேண்டும். ஒன்றின் ஓரம் அடுத்ததிலும் கொஞ்சம் விழவேண்டும், அப்போதுதான் ஒட்டும்போது பொருந்தும். எதிரே மஞ்சளும் காவியுமாக வீடுகள், தேவாலயக் கோபுரம், மீன்பிடி வள்ளங்கள், கொடியில் காயும் உடுப்புகள். கமராவில் கண்ணை வைத்தேன். நடுவில் தயாபரன் நின்றான்.

“டேய், விலகடா!”

“என்ன அத்தான், ஆளில்லாமல் ஆராவது படம் எடுப்பினமோ? அம்மாவுக்கு அனுப்ப வேணுமெல்லே?”

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கும் அது நியாயமாகப் பட்டது! வெறும் வீட்டையும் வள்ளத்தையும் எந்த விசரன் படம் எடுப்பான்? “நெஞ்சை நிமித்தடா” என்று வேறு சொன்னேன். நான் கமராவைத் திருப்பத் திருப்ப, அவனும் ஓடிப்போய் அடுத்த படத்தின் நடுவில் நின்றான். ஒன்றில் இடுப்பில் கை. ஒன்றில் வள்ளத்தில் சாய்வு. ஒன்றில் கன்னத்தில் விரல். ஒட்டினால் எல்லாம் ஒரே படமாகிவிடும் என்பது மட்டும் எங்கள் இரண்டு மண்டைக்கும் ஏறவில்லை.

பிலிமை செஃப் நேரே படக்கடையில் கொடுத்தார். கடைக்காரர் பெரிதாக்கி, மயிரிழை பிசகாமல் ஒட்டி, திறப்பு நாளன்றுதான் கொண்டுவந்து மாட்டி மூடிவிட்டுப் போனார். (சுவிஸ்காரர். கொடுத்த வேலையைச் செய்வார், ஏன் இப்படி என்று கேட்கமாட்டார்.) விருந்தினர் கூடிநிற்க, செஃப் துணியை இழுத்தார்.

அழகான துறைமுகம். அதில் ஏழு தயாபரன்.

செஃப் சுவரோரமாக மெல்ல நடந்து, நடுவிலிருந்த தயாபரனுக்கு முன்னால் நின்றார். அந்தத் தயாபரன் கையை உயர்த்திக் கோபுரத்தைக் காட்டிக்கொண்டிருந்தான்.

“என் வீடு எங்கே?” செஃப்பின் குரல் உடைந்துவிட்டது. “நான் பிறந்த வீடு எங்கே?”

விருந்துச் சாப்பாட்டுக்கு வந்திருந்த தயாபரன்தான் முன்னுக்கு வந்து, தனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் பணிவாகச் சொன்னான்: “வீடு இருக்கு, செஃப். எனக்குப் பின்னாலை.”

யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மண்டபமே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு செஃப்பும் சிரித்தார். என்னைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் தொடக்கம் வந்தவர்கள் எல்லாம் சுவரில் தயாபரனை எண்ணிவிட்டு, “இந்த ஆள் எங்கே?” என்று கேட்கத் தொடங்கினார்கள். பார்த்தார் செஃப். அடுத்த கிழமையே அவனுக்கு வெள்ளைச் சட்டையும் கறுப்பு டையும் கொடுத்துப் பரிமாற விட்டுவிட்டார்!

நானோ? கோப்பை கழுவினேன். அவன் எடுத்துவந்து வைத்த கோப்பைகளை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் குடையோ சாவியோ எது காணாமல் போனாலும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே குரலில் கத்துவார்கள்: “மாமாவுக்குப் பின்னாலை பாருங்கோ!” போன கிழமை என் மூக்குக்கண்ணாடியைத் தேடி வீட்டையே தலைகீழாக்கினேன். வழக்கம்போலக் கத்தினார்கள். வந்த கோபத்தில், சோபாவில் சாய்ந்திருந்த தயாபரனைக் கையைப் பிடித்து எழுப்பினேன்.

அவனுக்குப் பின்னால்தான் கிடந்தது. நசிந்துபோய்.