புளி போட்டு மினுக்கிய துவக்கு

துவக்கைக் கண்டால் ஓடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அதை யார் வைத்திருக்கிறார், எந்த நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்பதையெல்லாம் ஓடி முடித்த பிறகுதான் விசாரிப்பேன். வன்னியில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இது பெரிய கெட்டித்தனம் இல்லை. நடக்கப் பழகியதைப் போல இதையும் பழகிக்கொண்டோம். அப்படிப்பட்ட நான், பாரிசுக்கு வந்து சில வருடங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மடிப்புக் கலையாத சட்டையும் இரவல் கோட்டுமாகத் துவக்குச் சந்தை ஒன்றுக்குப் போனேன். அதுவும் வேடிக்கை பார்க்க இல்லை, விற்கிறவர்கள் பக்கத்தில் நிற்க. எல்லாவற்றுக்கும் காரணம் தலையிடி.

அப்போது பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வேனுக்குள் எதை ஏற்றினாலும் இறங்கும்போது அது கருவாடாகத்தான் இறங்கும் (மணத்தைச் சொல்கிறேன்). கடைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை இருந்தது. அங்கே சில்வி வேலை செய்தாள். பாண்டிச்சேரிக் குடும்பத்துப் பெண். முதல் தடவை உண்மையான தலையிடியோடு போனேன். அதன் பிறகு போனதெல்லாம் பொய்த் தலையிடி.

“இவ்ளோ மாத்திரை சாப்ட்டா வயிறு புண்ணாயிடும். பேசணும்னா சும்மாவே வந்து பேசிட்டுப் போங்க” என்றாள் ஒருநாள்.

சும்மா பேசப் போனேன். பேச்சு வளர்ந்து கல்யாணம் வரைக்கும் வந்தது. “அப்பாகிட்ட வந்து கேளுங்க, அவருக்குப் புடிச்சிருந்தா சரி” என்றாள்.

“அப்பா என்ன செய்யிறவர்?”

“மிலித்தேர்ல இருந்தாரு, இப்ப ரெத்ரேத்.” (பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்று அர்த்தம். பாண்டிச்சேரிக்காரர்கள் பேசினால் பாதிக்குப் பாதி பிரெஞ்சு வரும்.) “வீட்ல பழைய துப்பாக்கிங்க சேர்த்து வச்சிருக்காரு.”

அதன் பிறகு ஒரு கிழமைக்கு எனக்குத் தலையிடி வரவே இல்லை.

ஆனாலும் போனேன். பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் வீடு. வரவேற்பறைச் சுவர் முழுக்க நீளமும் கட்டையுமாகத் துவக்குகள். எல்லாம் நெப்போலியன் காலத்துக்கு அங்காலும் இங்காலுமான சாமான்கள், சுடக்கூடியவை அல்ல என்று சில்வி முன்பே சொல்லியிருந்தாள். அது என் மூளைக்குத் தெரியும். கால்களுக்குத் தெரியாது. சுவருக்குக் கீழே அவளுடைய அப்பா, முசே ஆல்பேர் (முசே என்றால் பிரெஞ்சில் ஐயா), நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேலை, விசா, மதம், ஊர் என்று என்ன கேட்டாலும் சொல்வதற்குப் பதில்களைப் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

“தம்பி வேன் ஓட்டறீங்களாமே?”

“ஓம் ஐயா.”

“மேசை, பெட்டிங்க எல்லாம் ஏத்தலாமா?”

விஷயம் இதுதான். பழைய ஆயுதம் சேர்க்கிறவர்கள் கூடி வாங்கவும் விற்கவும் மாற்றிக்கொள்ளவும் புறநகர் மண்டபங்களில் சந்தை வைப்பார்கள். முசேக்கு இடுப்பு வலி, பாரம் தூக்க முடியாது. ஆனால் இந்தத் தடவை எப்படியும் போயாக வேண்டும். அவருடைய பாட்டனார் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரரின் சிப்பாய்ப் படையில் இருந்தவர். அந்தப் படைக்குக் கொடுத்த நீளம் குறைந்த வாள் ஒன்று, பித்தளைப் பிடி போட்டது, நோர்மண்டியில் லூசியன் என்ற ஒரு கிழவரிடம் இருந்தது. முசே பல வருடம் கெஞ்சி, கடைசியில் லூசியன் இறங்கி வந்திருந்தார். முசேயிடம் இருந்த ஒரு கைத்துவக்கைக் கொடுத்தால் வாளைத் தருவாராம். சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கிற வகை. அதிலும் பிடியின் முனையும் விசையைச் சுற்றிய வளையமும் பித்தளை.

“அந்த வாள் மட்டும் வீட்டுக்கு வந்துடட்டும் தம்பி. அப்புறம் நான் யாருகிட்டயும் எதுவும் கேக்க மாட்டேன்.”

“அன்னிக்கே நம்ம விஷயத்தப் பேசிடுங்க” என்றாள் சில்வி, என்னை வாசலில் வழியனுப்பும்போது. “அதைவிட நல்ல நாள் கெடைக்காது.”

சனிக்கிழமை மத்தியானம் பெட்டிகளை ஏற்றினேன். கைத்துவக்கு இருந்த பெட்டியை முசே தானே என் கையில் தந்தார். “பத்திரமாப் பாத்துக்கங்க” என்றார். பத்திரமாக என்றால் வேனில் விட்டு வைக்க முடியாதே. கடலை மா வந்த சாக்கில் சுற்றி, ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெரு வழியாக என் அறைக்கு நடந்தேன். சட்டவிரோதமாக எதுவும் செய்யவில்லை. ஆனாலும் வதிவிட அட்டையைச் சட்டைப்பையில் இருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். கேட்காமலே எடுத்துக் காட்டுவது சோதனைச் சாவடிகளில் பழகிய பழக்கம்.

அறையில் என்னோடு இருந்தவர் குணம் அண்ணை. உணவகச் சமையல்காரர், எதிலும் ஓர் அபிப்பிராயம் உள்ளவர். பெட்டியைத் திறந்து பார்த்தார்.

“உதென்னடாப்பா, கிணத்துக்கை கிடந்து எடுத்த மாதிரிக் கிடக்கு.”

“ஓம் அண்ணை, நானும் அதைத்தான் பாக்கிறன்.”

உண்மைதான். இரும்பு காய்ந்த இரத்த நிறத்தில் இருந்தது. பித்தளை கறுத்துப் போயிருந்தது.

“பொம்பிளை கேக்கப் போற இடம். உதை இப்பிடி ஊத்தையாய்க் கொண்டு போய்ச் சபையிலை வைச்சால் எங்களைப் பற்றி அந்தாள் என்ன நினைக்கும்? குத்துவிளக்கு மினுக்கிற மாதிரி ஒரு மினுக்கு மினுக்கு.”

இன்றைக்கு யோசித்தால் அந்த இடத்தில் ஒரு மனிதனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சுவர் நிறையத் துவக்கு வைத்திருக்கிறவருக்கு அதைத் துடைக்கத் தெரியாதா என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. கடைக்கு ஓடிப்போய் ஒரு கட்டிப் புளி வாங்கி வந்தேன். புளியும் உப்பும் பித்தளைக்கு. இரும்புக்குச் சட்டி தேய்க்கிற கம்பிச் சுருள். மரத்துக்குத் தேங்காயெண்ணெய். வளையம் கறுப்பு விட்டுப் பொன்னாக எழும்பி வந்தபோது குணம் அண்ணை எழுந்து நின்று பார்த்தார்.

ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு துவக்கை நான் முதன்முதலாகக் கையால் தொட்டது அன்றுதான். தொடக்கத்தில் சூடான சட்டியைப் போல விரல் நுனியால்தான் பிடித்தேன். தேய்க்கத் தேய்க்க முழுக்கையாலும் பிடித்துவிட்டேன். குசினிச் சாமானைக் கழுவுவது போலத்தான் இருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மிச்சப் புளியைப் பொலித்தீன் பையில் சுற்றி, எங்கேயாவது கறை தெரிந்தால் அங்கேயே ஒரு இழுப்பு இழுக்கலாம் என்று, இரவல் கோட்டின் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மண்டப வாசலில் ஒரு அம்மா தகரப் பெட்டியோடு உட்கார்ந்து நுழைவுச்சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். நான் வதிவிட அட்டையை நீட்டினேன். “இது துவக்குச் சந்தைதான், முசே. விமான நிலையம் இல்லை” என்று சிரித்தார். யாரும் யாருடைய பையையும் பார்க்கவில்லை. உள்ளே பச்சைத் துணி விரித்த மேசைகளில் நீளத் துவக்குகளை நாங்கள் முருங்கைக்காய் குவிப்பது போலக் குவித்திருந்தார்கள். வெள்ளைக்காரர்கள் ஒரு கையில் இறைச்சிப் பாணும் மறு கையில் துவக்குமாகக் குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு வயதான பெண்மணி ஒரு துவக்கைத் தூக்கிக் குறி பார்த்தார். குறிக்கு நேரே நான் நின்றேன். அவர் உடனே இறக்கி மன்னிப்புக் கேட்டார். கேட்டாராம். நான் அப்போது மேசைக்குக் கீழே எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

“என்ன தம்பி தேடறீங்க?” என்றார் முசே.

“ஒண்டுமில்லை ஐயா, சப்பாத்துக் கயிறு.”

பிறகு பெட்டியைத் திறந்தோம்.

முசே கத்தவில்லை. கைத்துவக்கைத் தூக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் அதன் மேல் குனிந்து நின்றார். மண்டபத்து விளக்குகள் எல்லாம் அதில் தெரிந்தன.

“இத யாரு இப்படிப் பண்ணது?”

“நான்தான் ஐயா. புளி போட்டனான்.” பாராட்டை எதிர்பார்த்துச் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

“பத்தீன் போச்சு தம்பி” என்றார், செத்த வீட்டில் பேசுகிற குரலில். “எரநூறு வருஷத்துக் கறை. அதுக்குத்தான் வெலையே. அத வச்சுத்தான் நெஜமா போலியான்னு பாப்பாங்க.”

எனக்கு விளங்கத் தொடங்கியபோது லூசியன் வந்துவிட்டார். வாளை ஒரு கம்பளித் துணியில் சுற்றிக் குழந்தையைப் போல ஏந்தி வந்து மேசையில் வைத்துப் பிரித்தார். பித்தளைப் பிடி கன்னங்கரேலென்று இருந்தது. முசேயின் கை அதை நோக்கித் தானாகப் போனது. லூசியனோ கைத்துவக்கைப் பார்த்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியை மடித்துப் பையில் வைத்தார்.

“முசே ஆல்பேர், இது புதிதாகச் செய்தது. உங்களிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.”

முசேயின் முகம் இருண்டுவிட்டது. வாள் போனதுகூடப் பெரிதில்லை, அத்தனை பேர் முன்னால் அவரைப் போலி விற்கிறவர் என்று சொல்லியாகிவிட்டது. வாள், மானம், சில்வி எல்லாம் என் ஒரு கட்டிப் புளியால் போய்க்கொண்டிருந்தன. லூசியன் வாளைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார்.

“போலி இல்லை முசே” என்று என் ஓட்டைப் பிரெஞ்சில் குறுக்கே விழுந்தேன். “நான்தான் மினுக்கினேன். பாருங்கோ, இப்பிடித்தான்.”

கோட்டுப் பையிலிருந்து புளியை எடுத்தேன். எதில் தேய்த்துக் காட்டுவது என்று யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. கைக்கு எட்டிய கறுத்த பித்தளை ஒன்றுதான் இருந்தது. அதில், பெருவிரலால், இரண்டு இழுப்பு. துணியால் ஒரு துடைப்பு.

சிப்பாய் வாளின் பிடியில், பெருவிரல் அளவுக்குச் சூரியன் உதித்தது.

பக்கத்து மேசைக்காரர் தன் சாமான்களின் மேல் துணியை மெதுவாக இழுத்து மூடினார். லூசியன் கதிரையைத் தேடி உட்கார்ந்தார். முசே கண்ணை மூடிக்கொண்டார்.

முதலில் பேசியது லூசியன்தான். கைத்துவக்கு உண்மையானது என்பதை இப்போது நம்புவதாகச் சொன்னார். முசேயிடம் மன்னிப்பும் கேட்டார். பிறகு வாளைப் பார்த்தார். “இதை இனி என் வீட்டில் மாட்ட முடியாது. பார்க்கும்போதெல்லாம் இந்த மனிதருடைய முகம் ஞாபகம் வரும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்று முசேயின் பக்கம் தள்ளிவிட்டு, கைத்துவக்கைத் துக்கத்தோடு எடுத்துக்கொண்டு போனார். பேசிவைத்தபடியே இரண்டும் கைமாறிவிட்டன. ஆனால் இரண்டு பேருடைய முகத்திலும் எதையோ பறிகொடுத்த பாவம்.

திரும்பும்போது முசே வாளை மடியில் வைத்துக்கொண்டு, கருவாட்டு மணத்துக்கு நடுவே வந்தார். நான் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. வீட்டுக்குக் கிட்ட வந்ததும் அவர் பெருவிரலை அந்தப் பளிச்சென்ற இடத்தில் வைத்துப் பார்த்தார்.

“புளி மட்டுமா?”

“கொஞ்சம் உப்பும் ஐயா.”

கதவைத் திறந்த சில்வி வாளையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். முசே சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “இவர வெளிய விட்டா யார் வீட்ல எதத் தேய்ப்பாரோ. நம்ம வீட்லயே இருக்கட்டும்.”

எங்கள் கல்யாணப் பேச்சு அவ்வளவுதான்.

வாள் இப்போது எபினே என்ற புறநகரில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. கல்யாணப் பரிசாக மாமா (முசேயை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன்) தந்தார், தண்டனையாகத் தந்தார் என்று இரண்டு விதமாகவும் சொல்லிக்கொள்வார்கள். அந்த இடம் வருடா வருடம் மங்கி வந்தாலும் மற்ற இடத்தோடு இன்னும் சேரவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் மாமா அதை டோர்ச் அடித்துக் காட்டுவார். “மாப்ளையோட கைநாட்டு” என்று பெயர். வீட்டில் குத்துவிளக்கு மினுக்க எனக்கு அனுமதி இல்லை. நான் புளிப் போத்தல் பக்கம் கை நீட்டினால் மகள் பிரெஞ்சில் தாயைக் கூப்பிடுவாள்.

சந்தைக்கு இப்போதும் மாமாவோடு நான்தான் போகிறேன். ஆனால் அது பழைய சந்தை இல்லை. தகரப் பெட்டி அம்மா இருந்த இடத்தில் காவலாளிகள் நிற்கிறார்கள். பையைத் திறக்க வேண்டும், கையை விரிக்க வேண்டும். துவக்குகளின் விசைகளைப் பிளாஸ்டிக் பட்டியால் கட்டி வைத்திருக்கிறார்கள். வாங்குகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும், சிலதுக்குக் கணினியிலும் பதிய வேண்டும். பேரம் பேசுகிற சத்தம் குறைந்துவிட்டது. எல்லோரும் தொலைபேசியில் விலை பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வரிசையில் நிற்கிற பிரெஞ்சுக் கிழவர்கள் எந்தப் பையில் அட்டை இருக்கிறது என்று தெரியாமல் உடம்பெல்லாம் தட்டிப் பார்த்து, தங்களைக் குற்றவாளி போல நடத்துவதாகப் புறுபுறுக்கிறார்கள். நான் மட்டும் அட்டையைக் கையில் பிடித்தபடி அமைதியாக நிற்கிறேன். அந்த வரிசையில் பயிற்சி உள்ள ஒரே ஆள் நான்தான். என்னைப் பார்த்து ஒரு கிழவர், உங்களுக்கு எப்படி இவ்வளவு பொறுமை என்று ஒருமுறை கேட்டார். பழக்கம் என்றேன்.

போன வசந்தத்திலும் போயிருந்தோம். காவலாளி, இளம் பெடியன், கருவியை என் உடம்பில் மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டே, “ஆயுதம் ஏதாவது கொண்டு வந்திருக்கிறீர்களா?” என்று கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் பின்னால் நின்ற மாமா, தன் பட்டாளத்துப் பிரெஞ்சில், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார்: “ஆயுதம் இருந்தால் பரவாயில்லை. புளி இருக்கிறதா என்று பாருங்கள்.”

காவலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் கோட்டின் இரண்டு பைகளையும் வெளியே இழுத்துக் காட்டச் சொன்னான்.